கோவம் வர்றது தப்பில்ல, அது யார் மேல போய் இறங்குதுங்கறதுதான் விஷயம்

தம்பி கேட்டதை சுருக்கமா சொல்லிட்டு ஆரம்பிக்கிறேன், புதுசா படிக்கிறவங்களுக்கும் புரியணும்ல. பர்கூர் பக்கத்துல ஒரு மாங்கூழ் ஃபேக்டரி. போன சீசன் வரைக்கும் லைன்ல ஆபரேட்டரா இருந்தவரு, இந்த வருஷம் சூப்பர்வைசர் ஆக்கிட்டாங்க. ஷிஃப்ட்ல நாப்பது பேரு, பெரும்பாலும் பொம்பளைங்க, மத்தூர் ஊத்தங்கரை பக்கத்துல இருந்து வேன்ல வர்றவங்க, கூட கொஞ்சம் வடநாட்டு பசங்க. ஒரு நாள் சார்ட்டிங் டேபிள் கிட்ட எல்லார் முன்னாடியும் கத்திட்டாரு, மறுநாள்ல இருந்து மூணு பேர் வேலைக்கு வரல. முதலாளி "கத்துனாதான்யா வேலை நடக்கும், சாஃப்ட்டா இருந்தா தலைமேல ஏறிடுவாங்க"ன்றாரு. வீட்ல சம்சாரம் "நீங்க முன்ன மாதிரி இல்ல"ன்றாங்க. கோவத்தை விட்டுடணுமா, விட்டுட்டா ஒரு டீமை நடத்த முடியுமான்னு கேக்குறாரு.

நான் ஓசூர் சிப்காட்ல ரொம்ப வருஷம் ஷிஃப்ட் இன்சார்ஜா இருந்துட்டு இப்போ கிருஷ்ணகிரி சுத்து வட்டாரத்துல சூப்பர்வைசர்களுக்கு ட்ரெய்னிங் குடுக்குறேன், சீசன் நேரத்துல மாங்கூழ் யூனிட்டுக்கும் போறதுண்டு. அதனால உங்க ஃப்ளோர் எப்படி இருக்கும்னு எனக்கு தெரியும் தம்பி. மே ஜூன் ஜூலை மூணு மாசத்துல வருஷத்து வியாபாரமே முடிஞ்சாகணும், கேட்ல தோத்தாபுரி மாம்பழ லோடோட லாரியும் டிராக்டரும் வரிசைல நிக்குது, உள்ள பழுக்க வச்ச பழம் இன்னைக்கு ஓட்டலன்னா நாளைக்கு அழுகிடும், பாய்லர்ல ஸ்டீம் இறங்குச்சுன்னா லைன் மொத்தமும் நிக்கும், இதுக்கு நடுவுல முதலாளி போன் மேல போன் போடுவாரு. இந்த எடத்துல நிக்கிற மனுஷனுக்கு கோவம் வரலன்னாதான் ஆச்சரியம். அதனால முதல்ல ஒண்ணு, கோவம் வருதேன்னு உங்களை நீங்களே கெட்டவனா நெனச்சுக்காதீங்க. ஏதோ ஒண்ணு சரியில்லன்னு உங்க உடம்பு உங்களுக்கு சொல்லுது, அவ்வளவுதான். அந்த தகவல் நெஜம்தான். ஆனா அது போய் சேர்ற ஆளு பெரும்பாலும் தப்பான ஆளு, நான் சொல்ல வர்றது முழுக்க இதைப் பத்திதான்.

மேட்டுல இருந்து தண்ணி பள்ளம் பாத்து ஓடுற மாதிரி பதவில இருக்கறவன் கோவம் கீழ பாத்துதான் ஓடும். முதலாளி மேல கோவம் வந்தா அவர்கிட்ட காட்ட முடியாது, வெறகு சப்ளை பண்றவன் ஏமாத்துனா அவன் அங்க இல்ல, பழம் ஏத்தி விட்ட மண்டி ஆளு போனையே எடுக்க மாட்டான். கண்ணு முன்னாடி யாரு இருக்கா? கையில க்ளவுஸ் போட்டுக்கிட்டு, தலைல கேப் மாட்டிக்கிட்டு, திருப்பி ஒரு வார்த்தை பேச முடியாத ஒரு அக்கா. அவங்க மேல இறங்கிடுது. நீங்க ஆபரேட்டரா இருந்தப்போ இதே அளவு கோவம் உங்களுக்கு வந்திருக்கும், ஆனா அப்போ கொட்டறதுக்கு உங்களுக்கு கீழ யாரும் கிடையாது, அதனால வீட்டுக்கு போற வழியில டீக்கடைல ஃப்ரெண்ட்ஸ் கிட்ட புலம்பிட்டு விட்டிருப்பீங்க. சம்சாரம் சொல்ற "முன்ன மாதிரி இல்ல"ங்கறது இதுதான். நீங்க மாறல, உங்க கோவத்துக்கு ஒரு வழி கெடச்சிருச்சு.

ஒரு வேலை பண்ணுங்க. ஒரு சின்ன நோட்டு வச்சுக்குங்க, ஒரு வாரம் போதும், எப்போ கோவம் வந்துச்சு, யார் மேல காட்டுனீங்க, அந்த பிரச்சனை எங்க ஆரம்பிச்சுது, இந்த மூணை மட்டும் எழுதுங்க. நியாயம் எல்லாம் எழுத வேணாம். என் ட்ரெய்னிங்ல ஒருத்தர் எழுதுன நோட்டை பாத்தேன். லேட்டா வந்தாங்கன்னு பொம்பளைங்களை திட்டிருக்காரு, பிரச்சனை ஆரம்பிச்ச எடம் எதுன்னு பாத்தா வேன் டிரைவர் ஒரே ட்ரிப்ல ரெண்டு ஊரை சேத்து ஏத்துறான், அது டிரான்ஸ்போர்ட் காசை மிச்சம் பண்ண மேனேஜ்மெண்ட் எடுத்த முடிவு. ட்ரம் ஃபில்லிங்ல ஒரு பையனை திட்டிருக்காரு, ஆரம்பிச்ச எடம் கூழை சூடாக்கி கிருமியை கொல்ற ஸ்டெரிலைசர்ல டெம்பரேச்சர் நிக்கல, ஏன் நிக்கல, ஸ்டீம் பத்தல, ஏன் பத்தல, ஈர வெறகு. அந்தப் பக்கம் முழுக்க பாத்தா திட்டு வாங்குன ஆளும் தப்பு நடந்த எடமும் ஒண்ணா இருந்தது ரொம்ப ரொம்ப கம்மி. அவரே நோட்டை மூடி வச்சுட்டு கொஞ்ச நேரம் பேசல. உங்க நோட்டும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும்னு நெனக்கிறேன்.

இப்போ முதலாளி சொன்னதுக்கு வர்றேன், கத்துனா வேலை நடக்கும்னு. கத்துனா உடனே ஏதோ ஒண்ணு நடக்கும், அது உண்மை, எல்லாரும் வேகமா அசைவாங்க. அந்த ஒரு மணி நேரத்துல உண்மைல என்ன நடக்குதுன்னு நின்னு பாத்தவங்க கம்மி. நான் ஒரு யூனிட்ல பாத்ததை சொல்றேன், எந்த யூனிட்டுன்னு வேணாம். காலைல லேப்காரங்க, முந்தின பேட்ச்ல லேசா புளிச்ச வாசம் இருக்குன்னு சொல்லிட்டாங்க. சூப்பர்வைசர் நேரா சார்ட்டிங் டேபிளுக்கு வந்து அழுகல் பழத்தை விட்டுட்டீங்கன்னு ஒரு பாட்டம் கத்திட்டு போயிட்டாரு. நான் அங்கயேதான் நின்னேன். அதுவரைக்கும் அந்த அக்காங்க பழத்தை கையில எடுத்தா கட்டை விரலால லேசா அமுக்கி, ஒரு திருப்பு திருப்பி, கருப்பு புள்ளி தோலோட நிக்குதா உள்ள எறங்கிருக்கான்னு பாத்து விடுவாங்க, கண்ணை மூடி தெறக்குறதுக்குள்ள முடிஞ்சிடும், அவ்வளவு பழக்கம். கத்துனதுக்கு அப்புறம் யாரும் திருப்பியே பாக்கல. புள்ளி இருந்தா சரி, நல்லது கெட்டது பாக்காம கழிவு கூடைல போட்டாங்க. கூடை நெறஞ்சு நெறஞ்சு வெளிய போகுது, கத்தியால ஒரு ஓரம் செதுக்குனா ஓட்டக்கூடிய பழம் அத்தனையும் மாட்டுக்கு போகுது. திட்டு வாங்கறதை விட பழத்தை வீசுறது அவங்களுக்கு பாதுகாப்பு, அவங்க எடத்துல யாரா இருந்தாலும் அதான் பண்ணுவாங்க.

அதை விட பெரிய விஷயம் சாப்பாட்டு நேரத்துல தெரிஞ்சுது. ஒரு அக்கா என்கிட்ட மெதுவா சொன்னாங்க, "பழத்துல ஒண்ணும் இல்ல சார், காலைல நாங்க வரும்போதே கூழ் அரைக்கிற பல்ப்பர் மெஷின் பக்கம் புளிச்ச நாத்தம், நைட் ஷிஃப்ட்ல சல்லடையை சரியா கழுவல." நீங்க ஏன் சொல்லலன்னு கேட்டேன். "அவர்கிட்ட யாரு போயி சொல்றது"ன்னாங்க. பாருங்க, பிரச்சனைக்கு பதில் அந்த டேபிள்லயே காலைல இருந்து நின்னுட்டு இருந்துச்சு. கத்துன சத்தத்துல அது வெளிய வரல. மத்தியானம் வரைக்கும் அதே சல்லடைலதான் ஓட்டிருக்காங்க.

இது நம்ம ஊர் ஃபேக்டரில மட்டும் நடக்குறது இல்ல. ஹார்வர்டுல இருக்குற ஏமி எட்மண்ட்சன்னு ஒரு பேராசிரியை 1990கள்ல ஆஸ்பத்திரி நர்ஸ் டீம்களை வச்சு ஆராய்ச்சி பண்ணாங்க, மருந்து குடுக்குறதுல தப்பு எந்த டீம்ல கம்மியா நடக்குதுன்னு பாக்க போனாங்க, நல்லா நடக்குற டீம்ல தப்பு கம்மியா இருக்கும்னு எதிர்பாத்தா அங்கதான் அதிகமா பதிவாயிருந்துச்சு. அப்புறம் தோண்டி பாத்தா நல்ல டீம்ல தப்பு அதிகமா நடக்கல, நடந்த தப்பை வெளிய சொல்றாங்க, தலைமை நர்ஸுக்கு பயந்து கெடக்குற டீம்ல தப்பு நடக்கும், ஆனா மூடி மறைச்சிடுவாங்க. உங்க ஷிஃப்ட்ல தப்பே வர மாட்டேங்குது, யாரும் எதையும் சொல்ல மாட்டேங்கறாங்கன்னா சந்தோஷப்படாதீங்க, பயப்படுங்க.

அப்போ கோவத்தை முழுங்கிடலாமான்னா, அதுவும் வேணாம். முழுங்குன கோவம் எங்கயும் போகாது. ரெண்டு நாள் கழிச்சு குத்தல் பேச்சா வரும், "மகாராணி வந்துட்டாங்க, சேர் எடுத்து போடுங்க"ன்னு. இல்லன்னா டூட்டி லிஸ்ட்ல வரும், பிடிக்காத ஆளுக்கு தொடர்ந்து நைட் ஷிஃப்ட், கஷ்டமான எடம், லீவு கேட்டா இல்ல. இது கத்தறதை விட மோசம்னு நான் சொல்லுவேன், ஏன்னா கத்துனா எதுக்கு கத்துறாருன்னாவது தெரியும், இதுல அந்த ஆளுக்கு தான் என்ன தப்பு பண்ணோம்னே தெரியாம தேஞ்சு போவாங்க. இன்னொண்ணு இந்த காலத்துல புதுசா வந்திருக்கு, வாட்சப் குரூப். ராத்திரி பதினோரு மணிக்கு வீட்ல இருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ், பேர் சொல்லி திட்டு. அது அவங்க புருஷன் கேப்பாரு, புள்ளைங்க கேக்கும், ஃபார்வேர்ட் ஆகி ஊர் முழுக்க போகும். ஃப்ளோர்ல கத்துனது மறுநாள் மறந்து போகலாம், வாய்ஸ் மெசேஜ் அப்படியே கெடக்கும். குரூப்ல ஷிஃப்ட் டைம், வேன் டைம், நல்லா பண்ணவங்களுக்கு பாராட்டு, இது தவிர எதுவும் போடாதீங்க.

கொட்டிட்டா மனசு லேசாயிடும்னு நம்ம ஆளுங்க சொல்லுவாங்க, அதையும் நம்பாதீங்க. அமெரிக்காவுல பிராட் புஷ்மேன்னு ஒரு உளவியல் ஆராய்ச்சியாளர், 2002ல வந்த அவர் ஆராய்ச்சி ரொம்ப பிரபலம். காலேஜ் பசங்க எழுதுன கட்டுரையை வேணும்னே மட்டமா விமர்சனம் பண்ணி கோவப்படுத்திட்டு, ஒரு குரூப்பை அந்த விமர்சனம் பண்ண ஆளை நெனச்சுக்கிட்டே குத்துப்பையை குத்த சொன்னாங்க, ஒரு குரூப்பை எக்சர்சைஸ்னு நெனச்சு குத்த சொன்னாங்க, ஒரு குரூப்பை சும்மா உக்கார வச்சாங்க. அந்த ஆளையே நெனச்சு குத்துனவங்களுக்குதான் கோவம் அதிகமா இருந்துச்சு. சும்மா உக்காந்திருந்தவங்க அவங்களை விட அமைதியா இருந்தாங்க. கத்திக்கிட்டே இருந்தா கத்தறது பழக்கமாகும், வடியாது.

சரி அந்த நிமிஷத்துல என்னதான் பண்றது. கோவம் தலைக்கு ஏறுறதுக்கு முன்னாடி உடம்புல வரும், ஒருத்தருக்கு காது சூடாகும், ஒருத்தருக்கு தாடை இறுகும், சிலருக்கு கை விரல் மடங்கும். உங்களுக்கு எதுன்னு கண்டுபுடிச்சு வச்சுக்குங்க. அந்த நேரத்துல நெஞ்சு படபடன்னு அடிக்கும், கவனம் சுருங்கும், முன்னாடி நிக்கிற ஆள் மட்டும்தான் தெரியும், சல்லடை தெரியாது, ஸ்டீம் கேஜ் தெரியாது. அதனால அந்த நிலைல எடுக்குற முடிவு எதுவும் வேலைக்காகாது. ரொம்ப முக்கியமான பழக்கம் ஒண்ணு சொல்றேன், முதலாளி போனை வச்ச உடனே ஃப்ளோருக்குள்ள நுழையாதீங்க. எடைமேடை வரைக்கும் நடந்து போயி லாரிக்காரங்க கிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டு வாங்க. நடக்கும்போது மனசுக்குள்ள "எனக்கு இப்போ கோவமா இருக்கு, முதலாளி திட்டுனதால வந்த கோவம் இது"ன்னு தெளிவா சொல்லிக்குங்க. என்ன கோவம், எதனால கோவம்னு பேர் சொன்னாலே அதோட வேகம் கொஞ்சம் இறங்கும், செஞ்சு பாருங்க. அப்புறம் சாப்பாடு, தூக்கம். சீசன்ல சூப்பர்வைசருங்க காலை டிபனை விட்டுட்டு பத்து டீ குடிச்சு ஓட்டுவாங்க, ராத்திரி லோடு எறக்க முழிச்சிருந்துட்டு காலைல ஷிஃப்ட்டுக்கு நிப்பாங்க. சாப்பாடும் தூக்கமும் இல்லாத உடம்புல பொறுமையை எதிர்பாக்காதீங்க. ரெண்டு இட்லி சாப்பிட்டுட்டு உள்ள போங்க, இதை நான் லேசா சொல்லல.

கத்த வேண்டிய எடமும் ஒண்ணு இருக்கு, அதை தெளிவா சொல்லிடறேன். ஓடுற மெஷின்ல ஒருத்தன் கை விடப் போறான், ஸ்டீம் லைன் பக்கம் ஒரு பொண்ணு துப்பட்டா தொங்க குனியுது, அங்க தொண்டை கிழிய கத்துங்க, அந்த எடத்துல மரியாதை பாக்காதீங்க. ஆனா ஆபத்து தாண்டுன உடனே நிறுத்திடணும், அதுக்கு மேல பேசுற ஒவ்வொரு வார்த்தையும் உங்க பயத்துல வர்றது, அவங்களுக்காக வர்றது இல்ல. எப்பவும் கத்துற ஆளு அன்னைக்கு கத்துனா யாரும் திரும்பி கூட பாக்க மாட்டாங்க, வழக்கமா கத்துறாருன்னு விட்டுடுவாங்க. உங்க சத்தத்தை அந்த ஒரு நேரத்துக்காக பத்திரமா வச்சிருங்க.

மத்த நேரத்துல தப்பை சொல்லணும், கண்டிப்பா சொல்லணும், அதே ஷிஃப்ட்டுக்குள்ள சொல்லணும். கூப்பிட்டு கேபினுக்குள்ள கதவை சாத்தி பேசுன்னு மேனேஜ்மெண்ட் கிளாஸ்ல சொல்லி குடுப்பாங்க, அது நம்ம ஊர்ல சரிப்படாது, ஒரு ஆம்பளை சூப்பர்வைசர் ஒரு பொம்பளையை தனியா கேபினுக்கு கூப்பிட்டா சாயங்காலம் வேன்ல அதான் பேச்சு. எல்லார் கண்ணுக்கும் தெரியற எடம், யார் காதுக்கும் கேக்காத எடம், அப்படி ஒண்ணு பாத்துக்குங்க, காலி ட்ரம் அடுக்கி வச்சிருக்குற பக்கம் மாதிரி. சீனியர் அக்கா ஒருத்தங்க கூட இருந்தா இன்னும் நல்லது. "கண்ணு எங்க இருக்கு உனக்கு"ன்னு ஆரம்பிக்காம, "அக்கா, இந்த கூடைல பத்து பழம் எடுத்து பாத்தேன், நாலு பழம் உள்ள கருத்திருக்கு, இது போச்சுன்னா பேட்ச் முழுக்க நிறுத்தி வச்சிருவாங்க, டேபிள்ல என்ன பிரச்சனை"ன்னு கேளுங்க. பாத்ததை சொல்லுங்க, அதனால என்ன ஆகும்னு சொல்லுங்க, அப்புறம் கேளுங்க. கேட்டுட்டு வாயை மூடிட்டு நில்லுங்க, அதான் கஷ்டம். லைட் பத்தல, பெல்ட் வேகம் அதிகம், க்ளவுஸ் கிழிஞ்சிருக்குன்னு ஏதாவது வரும். கோவத்துல வாங்க போங்க முதல்ல காணாம போகும், அப்புறம் நீ, அப்புறம் ஏய். அந்த வாங்க போங்கவை மட்டும் விடாம புடிச்சுக்கிட்டாலே பாதி வார்த்தைங்க வெளிய வராது.

குடும்பத்தை இழுக்காதீங்க, ஊரை இழுக்காதீங்க, வடநாட்டு பசங்களை அவங்க பாஷையை வச்சு கிண்டல் பண்ணாதீங்க, அவங்க புரியலன்னு சிரிச்சுட்டு நிப்பாங்க, புரியும். ஜாதியை தொட்டு ஒரு வார்த்தை வந்துச்சுன்னா அது கோவம் இல்ல தம்பி, குற்றம், பட்டியல் ஜாதி, பழங்குடி மக்களை அப்படி பேசுனா அதுக்கு 1989ல போட்ட வன்கொடுமை தடுப்புச் சட்டமே இருக்கு. கோவத்துல வாய் தவறிடுச்சுன்னு சொல்றதை நான் ஒத்துக்கறது இல்ல. மனசுல இல்லாதது வாய்ல வராது.

இப்போ "சாஃப்ட்டா இருந்தா தலைமேல ஏறிடுவாங்க"ன்ற பயம். நம்ம தர்மபுரிக்கு பழைய பேரு தகடூர், அங்க ஆண்ட அதியமானை பத்தி ஔவையார் பாடுன புறநானூற்று பாட்டு ஒண்ணு இருக்கு. ஊர் சின்ன பசங்க தந்தத்தை தேச்சு கழுவ, தண்ணித் துறைல பேசாம படுத்திருக்குற பெரிய யானை மாதிரி நீ எங்களுக்கு இனியவன், உன் பகைவர்களுக்கு அதே யானை மதம் புடிச்சா எப்படியோ அப்படின்னு பாடுறாங்க. தந்தத்தை தேய்க்கிற பசங்க யாரும் அந்த யானையை வீக்குன்னு நெனக்க மாட்டாங்கல்ல. உங்க ஆளுங்க உங்களை மதிக்கிறது நீங்க அவங்க மேல எவ்வளவு கத்துறீங்கங்கறதை வச்சு இல்ல, அவங்களுக்காக நீங்க யார்கிட்ட போய் நின்னீங்கங்கறதை வச்சு. வேன் விஷயத்துக்கு மேனேஜ்மெண்ட்ல சண்டை போட்டாரு, கிழிஞ்ச க்ளவுஸை மாத்தி வாங்கி குடுத்தாருன்னு ஒரு தடவை தெரிஞ்சா போதும், அப்புறம் நீங்க சத்தம் போடாம சொல்றதே கேக்கும்.

அப்போ கோவத்தை மேல கொண்டு போகணும். மேல போறதுக்கு சத்தம் உதவாது, அங்க நீங்க கத்துனா வேலை போகும். மேல போறதுக்கு பேப்பர் வேணும், பொறுமை வேணும்.

இதுக்கு நம்ம பக்கத்து தர்மபுரி மாவட்டத்துலயே ஒரு ஊர் இருக்கு, அரூர் பக்கத்துல வாச்சாத்தி. அங்க நடந்த கொடுமையையும் ஃபேக்டரி பிரச்சனையையும் ஒண்ணா வச்சு பேச முடியாது, அளவே வேற, ஆனா கோவத்தை எப்படி கலையாம கொண்டு போறதுங்கறதுக்கு இதை விட எனக்கு வேற எதுவும் தெரியல. 1992 ஜூன் 20, சந்தனக் கட்டை தேடறோம்னு வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆளுங்க மலைவாழ் மக்கள் ஊருக்குள்ள நுழைஞ்சு அடிச்சு, வீடெல்லாம் சூறையாடி, பதினெட்டு பொண்ணுங்களை பாலியல் வன்கொடுமை பண்ணாங்க. அந்த ஜனங்களுக்கு வந்த கோவத்தை நெனச்சு பாருங்க. திருப்பி அடிச்சிருந்தா அன்னைக்கே அந்த ஊரை இல்லாம பண்ணிருப்பாங்க. மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சிக்காரங்களும் கூட நின்னாங்க, சாட்சி சொல்ல வேண்டிய பொண்ணுங்க பின்வாங்காம நின்னாங்க, வழக்கு சிபிஐக்கு போச்சு, 269 பேர் மேல குற்றப்பத்திரிகை. வழக்கு இழுத்த இழுப்புல 54 பேர் செத்தே போயிட்டாங்க, மிச்சம் 215 பேரையும் குற்றவாளின்னு 2011 செப்டம்பர் 29ல தர்மபுரி கோர்ட் தீர்ப்பு சொல்லுச்சு. அவங்க பண்ண அப்பீலை 2023 செப்டம்பர் 29ல சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி பண்ணுச்சு. முப்பது வருஷத்துக்கு மேல. அந்த ஜனங்க கோவம் ஆறிப் போயிருந்தா இது நடந்திருக்காது, கோவத்துல நெதானம் தப்பிருந்தாலும் நடந்திருக்காது. நடந்ததை நடந்த மாதிரி, ஒவ்வொரு தடவையும், கேக்குற ஒவ்வொரு அதிகாரிகிட்டயும் திருப்பி திருப்பி சொன்னாங்க. அதை வழிநடத்துனவங்களை நெனக்கும்போது எனக்கு தலைமைன்னா என்னன்னு புரியும்.

உங்க அளவுல அது என்னன்னா ஒரு ரெஜிஸ்டர். ஸ்டீம் எத்தனை மணிக்கு இறங்குச்சு, லைன் எவ்வளவு நேரம் நின்னுச்சு, அந்த நேரத்துல எத்தனை கூடை பழம் கழிஞ்சுது, வெறகு யார் லோடு. வேன் கேட்ல நுழைஞ்ச நேரம், செக்யூரிட்டி ரெஜிஸ்டர்லயே இருக்கும் பாருங்க. ரெண்டு வாரம் சேந்ததும் முதலாளிகிட்ட லோடு கம்மியா இருக்குற நேரமா பாத்து உக்காருங்க. "சார், பொம்பளைங்க லேட் இல்ல, வேன் லேட், ஒரு ட்ரிப் கூடுதலா விட்டா டீசல் இவ்வளவு, லைன் நின்னதுல போன பழம் இவ்வளவு" அப்படின்னு. முதலாளிக்கு உங்க சத்தம் புரியாது, கூடை கணக்கு ஒரு நிமிஷத்துல புரியும். முதல் தடவை தட்டி விட்டுடுவாரு. எழுதறதை நிறுத்தாதீங்க, அடுத்த ரெண்டு வாரத்து கணக்கோட மறுபடியும் போங்க. உங்க கோவம் முழுக்க அந்த ரெஜிஸ்டர்ல எறங்கட்டும், நல்லா அழுத்தி எழுதுங்க. முதலாளி மேலயும் எனக்கு வருத்தம் எதுவும் இல்ல, அவருக்கு பேங்க் லோன், எக்ஸ்போர்ட் ஆர்டர்னு அவர் தலைக்கு மேல ஒருத்தன் கத்திக்கிட்டுதான் இருப்பான். அது உங்க வழியா டேபிள் வரைக்கும் இறங்காம நடுவுல நிக்கிறதுதான் உங்க வேலை, சம்பளம் ஏத்தி குடுத்தது அதுக்கும் சேத்துதான்.

கடைசியா அந்த மூணு பேர். ஆள் அனுப்பாதீங்க, வேன் டிரைவர் மூலமா சொல்லி விடாதீங்க, போன்லயும் வேணாம். வர்ற ஞாயித்துக்கிழமை அவங்க மதிக்கிற சீனியர் அக்கா ஒருத்தங்களை கூட்டிக்கிட்டு நேர்ல போங்க. வீட்டுக்குள்ள கூப்பிடலன்னா திண்ணைல உக்காருங்க. "எல்லார் முன்னாடியும் உங்களை அப்படி பேசிருக்க கூடாது"ன்னு அவங்க வீட்டு ஆளுங்க காதுல விழற மாதிரி சொல்லுங்க, திட்டுனது எல்லார் முன்னாடியும்னா வருத்தம் சொல்றதும் அப்படித்தான் இருக்கணும். லோடு அதிகம், முதலாளி திட்டுனாருன்னு காரணம் எதுவும் சேக்காதீங்க, சேத்தா முதல்ல சொன்னது அழிஞ்சு போயிடும். அவங்க திட்டுனா கேட்டுக்குங்க. நின்ன நாள் வரைக்கும் சம்பள பாக்கி இருந்தா அக்கவுண்ட்ஸ்ல சனிக்கிழமையே வாங்கி கையோட எடுத்துட்டு போங்க, திரும்பி வந்தாதான் பாக்கின்னு மட்டும் பேசிடாதீங்க. வேலைக்கு வாங்கன்னு அன்னைக்கு ஒரே ஒரு தடவை கேளுங்க, யோசிச்சு சொல்றோம்னு சொன்னா சரின்னு எழுந்து வந்துடுங்க. வர்றவங்க வருவாங்க. வராதவங்க எடத்துல புதுசா ஒருத்தங்க திங்கட்கிழமை டேபிளுக்கு வருவாங்க, அவங்களுக்கு பழத்தை எப்படி அமுக்கி பாக்கணும்னு பக்கத்துல நின்னு நீங்களே சொல்லிக் குடுங்க.